மைனாவுக்காகத் தொண்ணூறு விநாடி

கறுப்புத் திரையின் அடியில் ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி இடமும் வலமுமாக நடைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி. மைனா என்ற டிஸ்க் வர வேண்டும், காத்திருக்கிறேன் என்பது அதன் பொருள். வரியின் முடிவில் விநாடிகள் ஏறின. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. மைனா வரவில்லை. சர்வர் இரண்டு வரி சிவப்பில் திட்டிவிட்டு, எழுந்த எழுச்சியைப் பாதியில் நிறுத்தி, பழுதுபார்க்க வந்தவர் கடவுச்சொல்லைக் கொடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இது மூன்றாவது தடவை.

சிஸ்டம் சார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்ன கோளாறு என்பது அவருக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. அப்புறமும் இரண்டு தடவை அணைத்துப் போட்டது, திரை மனம் மாறி வேறு ஏதாவது சொல்லாதா என்ற நப்பாசையில்தான். மெமரி போச்சு என்று சொல்லலாம், மின்சாரம் போதவில்லை என்று சொல்லலாம், ஒரு சர்வருக்கு எத்தனையோ கௌரவமான வியாதிகள் இருக்கின்றன. அது விடாப்பிடியாக மைனாவையே கேட்டது. நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் கை தானாகப் போய்த் திரையின் பொத்தானை அழுத்தி அணைத்தது.

கண்காணிப்பாளர் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏசி இரைச்சலுக்காக அவர் அந்த அறைக்குள் எப்போதும் குரலை ஒரு படி உயர்த்தித்தான் பேசுவார்.

“என்ன சார், எட்டு மணிக்குத் தயார்னு சொன்னீங்க. எட்டேகால் ஆயிடுச்சே?”

“எழுந்திருக்க மாட்டேங்குது மேடம். பார்த்துட்டே இருக்கேன்.”

“நீங்க பார்த்தா சரியாயிடும். உங்க கைக்கு அடங்காதது உண்டா?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அந்த மருத்துவமனையில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் சிஸ்டம் சார் என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு வேலையைச் செய்யுமுன் படிப்படியாகக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். வீட்டுக்குப் போகும்போது பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, படியிறங்கி, திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார் என்று காவலாளி நடித்தே காட்டுவார்.

இன்றைக்கும் காகிதம் இருந்தது. பரிசோதனைக்கூடத்தின் முடிவுகள் அத்தனையும் இருக்கிற சர்வர் அது. அதன் பழைய இயக்க முறைமைக்கு ஆயுசு முடிந்துவிட்டது, புதியதை ஏற்ற வேண்டும் என்று மென்பொருள் கம்பெனி ஆறு மாதமாக நச்சரித்ததால், கூட்டம் குறைந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலையை ஆரம்பித்தார். பன்னிரண்டு படிகள். ஏழாவது படி, சர்வர் எழும்போது எந்தெந்த டிஸ்க்கை மாட்டிக்கொள்ள வேண்டும் என்கிற பட்டியலையும், உண்மையில் மாட்டியிருக்கும் டிஸ்க்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அதற்கும் டிக் போட்டிருந்தார். பொய்யாகப் போடவில்லை. பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஆனால் மைனா இருக்கும் வரியைப் பார்க்காமல் தாண்டுவதற்கு அந்தக் கண்கள் ஐந்து வருஷமாகப் பழகியிருந்தன. பழைய இயக்க முறைமையும் அப்படித்தான் இருந்தது. டிஸ்க் இல்லையா, சரி போகட்டும் என்று ஒரு முணுமுணுப்போடு விட்டுவிடும். அந்த முணுமுணுப்பு எழுதப்படும் கோப்பை அவரைத் தவிர யாரும் படிப்பதில்லை. புதியது கறாரான பேர்வழி. இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், எங்கே காட்டு என்று கேட்டது.

காட்ட முடியாது. மைனா அவர் வீட்டில் டிவிக்குக் கீழே இருந்தது.

கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை லேப் அக்கா. கையில் கத்தையாகத் துண்டுச்சீட்டுகள், காதோரம் சொருகிய பேனா. சர்வர் படுத்துவிட்டதால் கூடத்தில் எல்லோரும் முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையே சார் போட்டுக் கூப்பிடும் மனிதரைத் தம்பி என்று கூப்பிடுகிறவர் அக்கா ஒருவர்தான். வயதில் ஏழெட்டு வருஷம் மூத்தவர், ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம்.

“தம்பி, எப்ப வரும்? மூணாவது மாடியில ஒரு அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நேத்து சாயங்காலம் எடுத்த ரிசல்ட்டு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு. அத பார்க்காம மயக்க மருந்து டாக்டர் ஊசியத் தொட மாட்டேங்கறாரு. திரும்ப ரத்தம் எடுக்கலாம், ஆனா அதுல ஒரு டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரம் ஆகும்.”

“பார்த்துட்டு இருக்கேன் அக்கா.”

“பத்து மணிக்குள்ள வரலன்னா திங்கட்கிழமைக்குத் தள்ளிடுவாங்களாம். அந்தம்மா நேத்து ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வலி வேற.”

“மெமரியா இருக்கும்னு தோணுது,” என்றார் சிஸ்டம் சார். சொல்லிமுடித்த பிறகுதான் அது பொய் என்பதே அவருக்கு உறைத்தது. அவ்வளவு சரளமாக வந்திருந்தது.

“சரி, நீங்க பாருங்க. நான் இங்கயே உக்கார்றேன். வந்த உடனே அச்சடிச்சு எடுத்துட்டு ஓடணும். லிஃப்ட்டும் இன்னைக்குன்னு பார்த்து மக்கர் பண்ணுது.” அக்கா மூலையில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்காலியிலிருந்து பார்த்தால் திரை நேராகத் தெரியும்.

அந்த நிமிஷத்தில் நாணயமான ஒரு மனிதனுக்கு இரண்டு நிமிஷ வேலைதான் பாக்கி. கடவுச்சொல்லைக் கொடுத்து, பட்டியலைத் திறந்து, மைனா வரிக்கு முன்னால் ஒரே ஒரு குறி வைத்தால் போதும். சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டி எழுந்துவிடும். சிஸ்டம் சார் அதைச் செய்யவில்லை. எழுந்துபோய் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி, அதை அலமாரியிலிருந்து வெளியே இழுத்து, திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு திருகாணியையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். மெமரி அட்டைகளைப் பிடுங்கி, அவற்றின் மஞ்சள் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். எட்டு அட்டைகள். கோவில் விக்கிரகத்தைத் துலக்குகிற சிரத்தையோடு தேய்த்தார். மூன்றாவது அட்டை கையிலிருந்து நழுவி மேஜைமேல் விழுந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “பதட்டப்படாதீங்க தம்பி, நிதானமாப் பண்ணுங்க,” என்றார். காது நுனிவரை சுட்டது அவருக்கு.

அந்த டிஸ்க்குகளுக்குப் பெயர் வைத்ததே அக்காதான். அப்போது அவர் ஸ்டோர் அக்கா. மருத்துவமனைக்கு வரும் ஊசியிலிருந்து உலக்கை கனத்தில் இருக்கும் பேட்டரிவரை எல்லாம் அவர் பதிவேட்டில் ஏறித்தான் வெளியே போகும். சர்வருக்கு நகல் எடுக்கும் டிஸ்க்குகள் வந்தபோது பெட்டியில் இருந்த பதினாறு இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு, “நம்பரெல்லாம் எனக்கு மனசுல நிக்காது தம்பி. பேரு வெச்சா மூஞ்சி ஞாபகம் இருக்கும்,” என்று சொல்லி, பச்சை மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயரை எழுதி ஒட்டினார். குயில், கொக்கு, மைனா, மரங்கொத்தி. சிஸ்டம் சாரும் சிரித்துக்கொண்டே சர்வருக்குள் அதே பெயர்களைக் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது. மைனாவுக்கு உடம்பு எப்படி, கொக்கு சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மனைவியின் கைபேசி சாகக் கிடந்தது. மகள் பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரை எடுத்த வீடியோ அத்தனையும் அதில் இருந்தன. தவழ்ந்தது, கண்ணாடியில் தன்னையே பார்த்து மிரண்டது, நாற்காலியில் ஏறி நின்று ஆடியது. எல்லாவற்றையும் ஏற்ற வீட்டில் இடம் இல்லை. மைனா அந்த வாரம் சும்மாதான் இருந்தது. ஸ்டோர் பூட்டியாகிவிட்டதால் பதிவேட்டில் எழுதவில்லை. சனி, ஞாயிறு இரண்டே நாள், திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து மாட்டிவிட்டால் மைனா போனதும் வந்ததும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைத் தோள்பையில் போட்டபோது அவருக்குத் திருட்டு என்ற சொல்லே தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அதே தோள்பையோடு வந்தார். சர்வர் அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சரக்குக் கணக்கெடுப்புக் குழு நின்றுகொண்டிருந்தது. முன்னறிவிப்பு இல்லாத கணக்கெடுப்பு. ஸ்டோர் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை மத்தியானம்கூடப் பார்த்தேனே தம்பி, இங்கதானே இருந்துச்சு மைனா?” என்றார். பையைத் திறந்து மேஜைமேல் வைக்க மூன்று விநாடி போதும். அசடு வழிய ஒரு சிரிப்பு, ஒரு திட்டு, அத்தோடு முடிந்திருக்கும். குழுவின் தலைவர் இவரைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டம் சார் குனிந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவரும் தேட ஆரம்பித்தார். பை தோளில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை அது அக்காவின் முழங்கையில் இடித்தது.

அப்புறம் விசாரணை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, சரியாக நினைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூத்த ஸ்டோர் அதிகாரியாக வேண்டியிருந்த அக்காவுக்கு அந்த உயர்வு நின்றது. கவனக்குறைவு என்று ஒரு தாள் அவருடைய கோப்பில் ஏறியது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, லேப் முடிவுகள் கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். சிஸ்டம் சார் நகல் எடுக்கும் வேலையை மைனாவிலிருந்து கொக்குக்கு மாற்றினார். பட்டியலில் இருந்த மைனா வரியை மட்டும் அழிக்கவில்லை. அந்தப் பட்டியலில் யார் எதைத் தொட்டாலும், தொட்டவர் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகி, கம்பெனிக்கும் ஒரு நகல் போய்விடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவரேதான். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்.

ஒன்பதரைக்கு மேஜைமேல் இருந்த கைபேசி அலறியது. கம்பெனி இன்ஜினியர். கண்காணிப்பாளர் அம்மாவும் வந்து நின்றுகொண்டு, “ஸ்பீக்கர்ல போடுங்க சார்,” என்றார்.

“சார், ஸ்கிரீன்ல என்ன வருது? ஒரு போட்டோ அனுப்புங்களேன்.”

“ஒண்ணும் வரல. கறுப்பா இருக்கு,” என்றார் சிஸ்டம் சார். அதில் பாதி உண்மை, திரை அணைந்துதான் இருந்தது.

“கறுப்பா இருக்கா? மெமரி மாத்திப் பார்த்தீங்களா? கேபிள்? அப்ப ஒண்ணு பண்ணலாம் சார். மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். கொக்குல நகல் இருக்குல்ல? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஏத்திடலாம்.”

“சாயங்காலமா!” என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். “அப்ப நான் மேல போய்ச் சொல்லிடறேன். அந்தம்மாவுக்குத் தண்ணியாவது குடுக்கட்டும்.” துண்டுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “அவங்க பொண்ணு லீவு சொல்லிட்டு வந்திருக்கா. நாளைக்குத் திரும்பணுமாம். பாவம்,” என்றார்.

சிஸ்டம் சாருக்கு எட்டு அட்டைகளையும் ரப்பரால் தேய்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம். பெற்ற மகளை ஆபரேஷன் அறை வாசலில் நிறுத்திவிட்டு, ஒருத்தி தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருக்க, இங்கே இவர் பம்மாத்துப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

“இருங்க அக்கா,” என்றார். “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்.”

அட்டைகளைத் திரும்பப் பொருத்தி, மூடியைப் போட்டு, திருகாணிகளைக்கூட மாட்டாமல் மின்கம்பியைச் செருகினார். திரையின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு நட்சத்திரம் நடக்க ஆரம்பித்தது. மைனாவுக்காகக் காத்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. தொண்ணூறு விநாடிகள் என்பது எவ்வளவு நேரம் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கண்காணிப்பாளர் அம்மா இன்ஜினியரிடம் பேசிக்கொண்டிருந்தார், திரையைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார். சிஸ்டம் சார் திரும்பாமலே அதை முதுகில் உணர்ந்தார். தொண்ணூறு ஆனதும் கடவுச்சொல்லை அடித்து, பட்டியலைத் திறந்து, வரியின் முன்னால் குறியை வைத்துச் சேமித்தார். மறுபடி போட்டார். ஒன்பது ஐம்பத்துநாலுக்கு சர்வர் எதுவுமே நடக்காததுபோல எழுந்து, பரிசோதனைக்கூடத்தின் முகப்புப் பக்கத்தைக் காட்டியது.

“வந்துடுச்சா?” என்று மட்டும் கேட்டார் அக்கா. அச்சடித்த தாள் கதகதப்பு ஆறுமுன் அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, நிஜமாகவே ஓடினார்.

கண்காணிப்பாளர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “சொன்னேன்ல, உங்க கைக்கு அடங்காதது கிடையாது! அவரு மொத்தத்தையும் அழிக்கணும்னாரு, நீங்க அஞ்சு நிமிஷத்துல எழுப்பிட்டீங்க. யாராவது சாருக்கு ஒரு டீ கொண்டாங்கப்பா.” டீ வந்தது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலாம் என்றிருந்தவர் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள்.

கைபேசியில் இன்ஜினியர் இன்னும் இருந்தார். “சார், இப்பத்தான் பதிவு வந்துச்சு. ஒரே ஒரு வரிதானா? மைனான்னு ஒரு டிஸ்க். அது எங்க சார் இருக்கு? ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு இடம் இருக்கு, அதுல எழுதணும்.”

சிஸ்டம் சார் டம்ளரை மேஜைமேல் வைத்தார். “அது… பழசு. ரொம்ப நாளைக்கு முன்னாடியே காணாமப் போயிடுச்சு.”

“ஓ, ஸ்டோர்ல யாராவது அலட்சியமா தொலைச்சிருப்பாங்க. அப்படியே எழுதிடவா?”

“ஆமாமா, அந்தப் பழைய விவகாரம்,” என்றார் கண்காணிப்பாளர் அம்மா, தெரிந்த கதை என்பதுபோல.

“ம்,” என்றார் சிஸ்டம் சார்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அக்கா. மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்காணிப்பாளர் அம்மா சிஸ்டம் சாரின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். கைபேசி ஓய்ந்தது. ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

“உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க,” என்றார் அக்கா. “பொண்ணு கையெடுத்துக் கும்புட்டா. நான் ஒண்ணும் பண்ணலம்மா, கீழ ஒரு தம்பி இருக்காருன்னு சொன்னேன்.” முக்காலியில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்காமலே, “இப்பவும் ‘ம்’தானா தம்பி?” என்று கேட்டார்.

சிஸ்டம் சார் மேஜைமேல் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி உங்களுக்குக் கால் முறிஞ்சப்போ வீட்டுக்கு வந்தேன்ல? உங்க வீட்டம்மா பொண்ணு ஆடுறதப் போட்டுக் காட்டுனாங்க. நல்லா ஆடுது. டிவிக்குக் கீழ கறுப்பா ஒரு பெட்டி. பேர செவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருந்தீங்க, ஆனா பின்னாடி கண்ணாடி அலமாரி இருக்கே. பச்ச மை அதுல தெரிஞ்சுது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அக்கா, அப்பவே ஏன்…”

“அப்பவே கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பீங்க. நம்புற மாதிரிதான் சொல்லியிருப்பீங்க. அதான் கேக்கல. நீங்களா சொல்லணும்னு இருந்தேன். கேன்டீன்ல பார்க்கறப்போ, படியில பார்க்கறப்போ, இன்னைக்குச் சொல்லிடுவாருன்னு நெனப்பேன். நீங்க, சாப்டாச்சா அக்கான்னு கேப்பீங்க.” குரல் உயரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “ஸ்டோர் வேலை போனது போகட்டும் தம்பி. அந்தப் பெட்டியப் பார்க்கறதுக்கு முந்தின மூணு வருஷம் நான் என்ன ஆனேன் தெரியுமா? வீட்டுக்காரரே, எங்க வெச்சேன்னு யோசிச்சுப் பாருன்னாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. புத்தி கலங்கிடுச்சோன்னு. அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில பஸ்ஸ விட்டு இறங்கித் திரும்பிப் போவேன். அணைச்சுதான் இருக்கும். உங்க வீட்டுல அதப் பார்த்த அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன். நான் தொலைக்கல. எனக்கு ஒண்ணும் இல்ல.”

“மன்னிச்சி—”

“வேணாம். இந்த ஏசி சத்தத்துல எனக்குச் சரியாக் காது கேக்கல.” அக்கா எழுந்தார். துண்டுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

வெட்கம் என்று ஒன்று உண்டு என்பது சிஸ்டம் சாருக்குத் தெரியாததல்ல. ஐந்து வருஷமாக அதைக் கூடவே வைத்துக் குடும்பம் நடத்தியவர். ஆனால் அது இதுவரை தனக்கு மட்டும் தெரிந்த வெட்கமாக இருந்தது, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. இரண்டு வருஷமாக இன்னொருவர் அதை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றதும், கடந்துபோன ஒவ்வொரு சாப்டாச்சா அக்காவும் திரும்பி வந்து அறைந்தது. எத்தனை சிரிப்பு, எத்தனை குசலம். கூனிக் குறுகி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, எழுந்து கண்காணிப்பாளர் அம்மாவுக்குக் கைபேசியில் அழைத்தார். மூணு மணிக்கு உங்கள நேர்ல பார்க்கணும் மேடம், காரணம்ங்கற இடத்த நானே எழுதறேன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க என்றார். பிறகு லேப் ஜன்னலுக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே, “அக்கா, மூணு மணிக்கு மேடம் ரூமுக்கு வர்றீங்களா?” என்று கேட்டார்.

“நான் எதுக்கு?” என்றார் அக்கா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் வந்து நிற்கிறாரே என்று பார்த்தாள். மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

“இதுல இருக்கறதெல்லாம் வேற எதுலயாவது ஏத்தி வெச்சிருக்கோமா?” என்று டிவிக்குக் கீழே காட்டிக் கேட்டார்.

“நல்லாருக்கே. ஊருக்கெல்லாம் நகல் எடுக்கறவரு நீங்க. என்னைக் கேக்கறீங்க?”

ஏற்றவில்லை. ஒரே ஒரு பிரதி. மருத்துவமனையில் ஒரு முடிவுக்கு மூன்று பிரதி வைத்திருக்கும் மனிதர் வீட்டில் மகளின் ஆறு வருஷமும் ஒற்றை டிஸ்க்கில், அதுவும் இன்னொருவருடையதில். காப்பி எடுக்க நான்கு மணி நேரம் ஆகும். எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம் எழுந்தது. இரண்டே நாள். அந்த இரண்டே நாளை அவருக்கு நன்றாகத் தெரியும். கம்பியைக் கழற்றினார்.

“இது நான் வாங்கினதில்ல. ஆபீஸ்ல எடுத்தது,” என்றார். மீதியையும் நின்றபடியே சொன்னார்.

மனைவி மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். “அந்த அக்கா வந்தப்போ நான்தான் போட்டுக் காட்டினேன்,” என்றாள் கடைசியில். “நான் சிரிச்சுக்கிட்டே காட்டினேன். என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?” அவர் கழற்றிய கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “கொண்டுபோய்க் குடுங்க. ஆனா பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். வந்து நீங்களே சொல்லுங்க.”

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிஸ்டம் சார் கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே இருந்த நீள இருக்கையில் வந்து உட்கார்ந்தார். தோள்பையில் வைக்க மனம் வரவில்லை. டிஸ்க்கை வெறுங்கையில் எடுத்துவந்து மடியில் வைத்திருந்தார். யாராவது கடந்துபோனால் அனிச்சையாக ஒரு கை அதன்மேல் படிந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம். ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

அக்கா வந்தார். அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் உட்காரும் இடத்தை நடுவில் விட்டு, இருக்கையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தம்மா கண்ணு முழிச்சிட்டாங்க,” என்றார் சுவரைப் பார்த்து.

“சந்தோஷம் அக்கா.”

அக்காவின் பார்வை அவர் மடிக்கு வந்தது. டிஸ்க்கைப் பழக்கதோஷத்தில் பெயர்ச்சீட்டு உள்பக்கமாக, வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை. அக்கா கையை நீட்டினார். டிஸ்க்கை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் பச்சை மை கொஞ்சம் வெளிறியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. “வாங்க சார்,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், இன்னும் அதே மரியாதையோடு. சிஸ்டம் சார் டிஸ்க்கை அதே வாக்கில் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.